கரண்ட் வைக்கிற டாக்டரின் ஆராய்ச்சி வேலை: தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எனக்குச் சொந்த ஊர் அரூர் பக்கம். கதிரியக்கப் புற்றுநோய் மருத்துவம் (ஊர்ப் பேச்சில் "கரண்ட் வைப்பது") படித்து, அதே துறையில் சிகிச்சையும் ஆராய்ச்சியுமாக வேலை செய்கிறேன். ஊருக்கு வந்தால் பள்ளிக்கூடத்தில் மேற்படிப்புக் கூட்டம் என்று கூப்பிடுவார்கள். ஹவுஸ் சர்ஜன்கள் போனில் கேட்பார்கள். கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரரும் கேட்பார். அப்படித் திரும்பத் திரும்ப வந்த கேள்விகள் இவை. மாணவர், பெற்றோர், நோயாளியின் வீட்டார் கேட்டதெல்லாம் கலந்தே கிடக்கும்.

எக்ஸ்ரே எடுக்கிற டாக்டர்தானே நீங்கள்?

இல்லை. படத்தைப் பார்த்து நோயைச் சொல்பவர் ரேடியாலஜிஸ்ட். கதிரையே மருந்தாகக் கொடுப்பவர் ரேடியேஷன் ஆன்காலஜிஸ்ட். புற்றுநோய்க்கு ஆபரேஷன் செய்பவரும் கீமோ கொடுப்பவரும் வேறு வேறு ஆட்கள். ஆனால் பல அரசு மருத்துவமனைகளில் கீமோவும் எங்கள் தலையில்தான் விழும். குழப்பத்துக்கும் காரணம் உண்டு. 1895-ல் ராண்ட்ஜன் எக்ஸ் கதிரைக் கண்டுபிடித்தார். அடுத்த வருஷமே அதைக் கட்டிகள் மேல் பாய்ச்சிப் பார்க்க ஆரம்பித்துவிட்டார்கள். ரொம்ப காலம் இரண்டும் ஒரே துறையாகத்தான் இருந்தன.

பிளஸ் டூ முடித்த பிறகு எத்தனை வருஷம் படிக்க வேண்டும்?

நீட் எழுதி எம்.பி.பி.எஸ்.; ஹவுஸ் சர்ஜன் வருஷத்தையும் சேர்த்து ஐந்தரை வருஷம். அப்புறம் நீட் பி.ஜி., அல்லது எய்ம்ஸ், ஜிப்மர் போன்ற இடங்களுக்கான ஐ.என்.ஐ. தேர்வு. அதில் தேறி எம்.டி. ரேடியேஷன் ஆன்காலஜி மூன்று வருஷம். எம்.டி.க்குச் சமமான டி.என்.பி. வழியாகவும் வரலாம். இந்தத் துறையில் எம்.டி.யே முழுச் சிறப்புப் படிப்பு. மெடிக்கல் ஆன்காலஜி மாதிரி அதற்கு மேல் டி.எம். படித்தாக வேண்டும் என்பதில்லை. பிஎச்.டி. விருப்பம் உள்ளவர்களுக்கு.

நான் படிக்கப் போன காலத்தில் நம் பக்கம் மருத்துவக் கல்லூரியே கிடையாது. தருமபுரியில் 2008-ல் வந்தது, கிருஷ்ணகிரியில் 2022-ல் திறந்தார்கள். அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத உள் ஒதுக்கீடு 2020-ல் வந்தது. ஆக, முதல் படி முன்பைவிடக் கிட்டத்தில் இருக்கிறது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் வேலை செய்துகொண்டே பி.ஜி.க்குப் போகும் அரசு டாக்டர்களுக்குத் தனி ஒதுக்கீடும் உண்டு. பாலக்கோடு, ஊத்தங்கரை மாதிரி இடத்தில் சில வருஷம் பார்த்துவிட்டு வருகிறவர்கள் நல்ல கேள்வியோடு வருகிறார்கள் என்பது என் அபிப்பிராயம். நேராகப் படிப்பிலிருந்து படிப்புக்கு வருகிறவர்களிடம் மதிப்பெண் இருக்கும், கேள்வி இருக்காது.

டாக்டருக்கு எதற்கு ஆராய்ச்சி? வைத்தியம் பார்த்தால் போதாதா?

எங்கள் ஓ.பி.யில் நோயாளி கேட்கும் முதல் கேள்வி "பிழைப்பேனா" என்பதில்லை. "எத்தனை நாள் வரணும்?" என்பதுதான். அதற்கு நான் 35 நாள் என்கிறேன், 25 என்கிறேன், சிலருக்கு 5 என்கிறேன். இந்த எண்களெல்லாம் யாரோ ஒருவர் வருஷக்கணக்கில் உட்கார்ந்து ஒப்பிட்டுப் பார்த்ததால் வந்தவை.

முழு அளவையும் ஒரே நாளில் கொடுத்தால் என்ன என்று ஆரம்ப காலத்தில் எல்லோருக்கும் தோன்றியது. 1920-களில் பாரிஸில் கிளாடியஸ் ரெகோ என்பவரும் அவருடன் இருந்தவர்களும் ஆட்டுக்கிடாக்களை வைத்துப் பார்த்தார்கள். கிடாவின் விரையில் விந்து உற்பத்தியைக் கதிரால் நிறுத்த வேண்டும். மேல்தோல் கெடக் கூடாது. ஒரே தடவையில் கொடுத்தால் தோல் வெந்து புண்ணானது. அதையே பிரித்துப் பல நாள் கொடுத்தபோது விந்து உற்பத்தி நின்றது, தோல் தப்பியது. விரையில் வேகமாகப் பெருகும் செல்கள் புற்றுக்கும், தோல் நம் நல்ல திசுவுக்கும் பதிலாள். பிறகு ஹென்றி கூட்டார் தொண்டைப் புற்று நோயாளிகளுக்குப் பிரித்துப் பிரித்துக் கொடுத்துக் காட்டினார். இன்று அரூரிலிருந்து ஒருவர் தினமும் பஸ் ஏறிப் போவதற்கு மூல காரணம் அந்தக் கிடாக்கள்தான்.

காரணம் பின்னால் விளங்கியது. நல்ல செல் ஒரு நாள் இடைவெளியில் தன்னைப் பழுது பார்த்துக்கொள்ளும். புற்று செல்லுக்கு அந்தச் சாமர்த்தியம் குறைவு. கட்டியின் நடுவில் ஆக்ஸிஜன் கிடைக்காத செல்கள் கதிருக்கு அவ்வளவாக மசியாது. வெளி அடுக்கு சாகச் சாக உள்ளே ஆக்ஸிஜன் போய், அடுத்த தடவை அவையும் மாட்டும். ஆனால் இதே இடைவெளியில் மிச்சப் புற்று செல்கள் பெருகவும் செய்யும். எங்கள் துறை ஆராய்ச்சியில் பாதி, இந்த இழுபறியில் எந்தப் பக்கம் எவ்வளவு விடலாம் என்பதுதான்.

அப்படியானால் நாட்களைக் குறைக்கவே முடியாதா?

முடிந்திருக்கிறது. என்னைக் கேட்டால், கடந்த இருபது முப்பது வருஷத்தில் எங்கள் துறையில் நடந்த பெரிய காரியம் புது மெஷின் இல்லை, இதுதான்.

மார்பகப் புற்றில் ஆபரேஷனுக்குப் பிறகு 25 நாள் கொடுப்பதுதான் வழக்கமாக இருந்தது. பிரிட்டனில் ஸ்டார்ட் என்ற ஆய்வு 25 தடவையில் 50 கிரேயையும், 15 தடவையில் 40 கிரேயையும் ஒப்பிட்டது. கிரே என்பது கதிரின் அளவு. 2008-ல் முடிவு வந்தபோது 15 நாள் எந்த வகையிலும் சளைத்ததாக இல்லை. அதோடு விடவில்லை. ஃபாஸ்ட் ஃபார்வர்டு என்ற அடுத்த ஆய்வில் 4,096 நோயாளிகள். 15 நாளில் 40 கிரே ஒரு பக்கம். ஒரே வாரத்தில், 5 நாளில் 26 கிரே இன்னொரு பக்கம். ஐந்து வருஷத்தில் அதே மார்பில் நோய் திரும்பியது 15 நாள் பிரிவில் 2.1 சதவீதம், 26 கிரே பிரிவில் 1.4 சதவீதம். 2020-ல், சரியாகக் கொரோனா ஊரடங்கில், இந்த முடிவு வெளிவந்தது. ஆஸ்பத்திரிக்கு வருவதே ஆபத்து என்றிருந்த நேரம். பல நாடுகள் உடனே பிடித்துக்கொண்டன.

இதை நம் பக்கத்துக் கணக்கில் போட்டுப் பாருங்கள். அஞ்செட்டியிலிருந்து ஒரு பெண் பெங்களூருவில் ஐந்து வாரம் தங்க வேண்டும் என்றால் வாடகை, சாப்பாடு, கூட ஒரு ஆள், வீட்டில் பிள்ளைகளுக்கு ஒரு ஆள், மாட்டுக்கு ஒரு ஆள். சிகிச்சைக்கு முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டம் இருக்கிறது; இதற்கு எந்தக் கார்டும் கிடையாது. ஒரே வாரம் என்றால் அந்தக் குடும்பம் சமாளித்துவிடும்.

சரி, எல்லோருக்கும் 5 நாள் கொடுத்துவிட வேண்டியதுதானே? இங்கேதான் ஆராய்ச்சியாளர் நின்று யோசிக்க வேண்டும். அந்த ஆய்வில் பெரும்பாலும் ஆரம்ப நிலை நோயாளிகள். அக்குளில் நெறி கட்டிய பிறகு வருகிறவர்கள் நம்மிடம் அதிகம். அவர்களுக்குக் கழுத்துப் பக்கமும் அக்குள் பக்கமும் சேர்த்துக் கொடுக்க வேண்டியிருக்கும். கை நரம்பும் அந்த வழியாகத்தான் போகிறது. நாள் குறைந்தால் ஒவ்வொரு தடவையும் அளவு கூடும். நரம்பு மாதிரியான திசுக்களுக்கு அது பிடிக்காது, கோளாறு பல வருஷம் கழித்துத் தெரியும். பிரிட்டன் முடிவை ஜெராக்ஸ் எடுத்து இங்கே ஒட்ட முடியாது. நம் நோயாளிகளிடம் பார்த்தால்தான் தெரியும்.

ஊரில் திருவிழா, ரெண்டு நாள் விட்டுவிட்டு வரலாமா?

நோயாளிகள் கேட்கும் கேள்விதான், ஆனால் ஆராய்ச்சிக் கேள்வியும் கூட. வேண்டாம். தலை, கழுத்துப் புற்றிலும் கர்ப்பப்பை வாய்ப் புற்றிலும் சிகிச்சை இழுத்துக்கொண்டே போனால் ஒவ்வொரு நாளுக்கும் நோய் கட்டுப்படும் வாய்ப்பு சுமார் ஒரு சதவீதம் கரைகிறது என்று பழைய ஆய்வுகள் பலவும் காட்டுகின்றன. கர்ப்பப்பை வாய்க்கு மெஷினிலிருந்து வரும் வெளிக்கதிர், உறுப்புக்குள்ளேயே வைத்துக் கொடுக்கும் உள்கதிர் இரண்டையும் எட்டு வாரத்துக்குள் முடிக்கப் பார்ப்பது அதனால்தான்.

ஒவ்வொரு நோயாளிக்கும் ஒரு சிகிச்சை அட்டை உண்டு. தேதி, அன்றைய அளவு, இதுவரை கொடுத்த மொத்தம், டெக்னீஷியன் கையெழுத்து என்று வரிசையாகப் போகும். இப்போது கம்ப்யூட்டரிலும் இருக்கிறது. ஆனால் பழைய அட்டைக் கட்டை எடுத்துப் புரட்டினால் ஒரு மாவட்டத்தின் வாழ்க்கையே தெரியும். தை முதல் வாரம் காலி. மாரியம்மன் பண்டிகை சமயம் காலி. திங்கட்கிழமைகள் அங்கங்கே காலி, வெள்ளிக்கிழமை ஊருக்குப் போனவர் திரும்பவில்லை. "மெஷின் ரிப்பேர்" என்று சிவப்பு மையில் மூன்று நாள். அது நோயாளியின் தப்பே இல்லை. இருபதாவது தடவையோடு சில அட்டைகள் அப்படியே நின்றுபோயிருக்கும். வாய்ப் புண் தாங்காமல் போனாரா, காசு தீர்ந்ததா, "கட்டி கரைந்துவிட்டது, போதும்" என்று வீட்டில் முடிவு செய்தார்களா? அட்டையில் அது இருக்காது. போன் போட்டுக் கேட்டால்தான் தெரியும்.

எம்.டி. தீசிஸுக்கு என்ன தலைப்பு எடுக்கலாம் என்று ஜூனியர்கள் கேட்கும்போது நான் முதலில் இந்த அட்டைக் கட்டைத்தான் காட்டுவேன். பலருக்கு முகம் சுருங்கும். புரோட்டான், செயற்கை நுண்ணறிவு என்று ஏதாவது சொல்வேன் என எதிர்பார்த்து வந்திருப்பார்கள். ஆனால் இடைவெளி எதனால் விழுகிறது, யாருக்கு விழும் என்று முன்கூட்டியே தெரிந்தால், அந்த நோயாளிக்கு முதல் நாளே தங்குமிடம் பார்த்துக் கொடுக்கலாம். அதில் மீளும் சதவீதம் சில புது மருந்துகள் தரும் லாபத்துக்குக் குறையாது.

ஆராய்ச்சி என்றால் லேபில் எலியை வைத்துச் செய்வதா?

அதுவும் உண்டு. செல், எலி என்று போகிறவர்கள் ஒரு சாரார். கதிர் எங்கே எவ்வளவு விழுகிறது என்று இயற்பியலாளர்களோடு உட்காருகிறவர்கள் ஒரு சாரார். இரண்டு சிகிச்சைகளைச் சீட்டுக் குலுக்குவது போலப் பிரித்து ஒப்பிடுகிறவர்கள், பதிவேடுகளைத் தோண்டுகிறவர்கள் வேறு.

எங்களுக்கே உரிய வேலை ஒன்றைக் கிட்டத்தில் காட்டுகிறேன். வாய், தொண்டைப் புற்று என்றால் முதலில் முகத்துக்கு ஒரு மாஸ்க் செய்வோம். ஓட்டை ஓட்டையாக வெள்ளைப் பிளாஸ்டிக் தகடு. சுடுதண்ணீர்த் தொட்டியில் போட்டால் துணி மாதிரித் தொய்யும். நோயாளியைப் படுக்கவைத்து முகத்தில் இழுத்துப் பதித்தால் சில நிமிஷத்தில் மூக்கு, தாடை எல்லாம் அச்சாக இறுகிவிடும். அதோடு சிடி எடுப்போம். பிறகு கம்ப்யூட்டரில், மூன்று மில்லிமீட்டருக்கு ஒரு படம் என்று வெட்டு வெட்டாக, கட்டி எது, நெறி எது, காப்பாற்ற வேண்டிய எச்சில் சுரப்பி எது, தண்டுவடம் எது என்று கையால் கோடு போட வேண்டும். ஒரு நோயாளிக்கு மணிக்கணக்கில் ஆகும். இப்போது மென்பொருள் கோடு போட்டுக் கொடுக்கிறது; சரிபார்க்கிற கண் மட்டும் எங்களுடையது.

காதுக்குக் கீழே உள்ள எச்சில் சுரப்பிக்குச் சராசரி 26 கிரேக்கு மேல் போனால் எச்சில் வற்றும் என்பது அளந்து கண்ட எண். கோட்டைச் சரியாகப் போட்டு அதைக் காப்பாற்றும் ஐ.எம்.ஆர்.டி. முறையையும் பழைய முறையையும் பிரிட்டனில் 94 பேரிடம் ஒப்பிட்டு 2011-ல் வெளியிட்டார்கள். ஒரு வருஷம் கழித்து, பழைய முறையில் 74 சதவீதம் பேருக்கு வாய் கணிசமாக வறண்டிருந்தது, புது முறையில் 38 சதவீதம். இதையெல்லாம் கிரேடு ஒன்று, இரண்டு என்று படிவத்தில் குறிப்போம். நம் பக்கத்து ஆட்களிடம் நான் கேட்பது "களி இறங்குதாங்க?" என்றுதான். களி உருண்டை குழம்போடு இறங்குகிறது என்றால் எச்சில் பிழைத்திருக்கிறது. இட்லியைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்கிறேன் என்றால் கதை வேறு. இந்த மாதிரி அளவுகோலை முறைப்படி சோதித்து ஒரு கருவியாக ஆக்குவதும் ஆராய்ச்சிதான்.

நம் நாட்டில் செய்த ஆராய்ச்சி எதையாவது மாற்றியிருக்கிறதா? எல்லாம் வெளிநாட்டுக் கதையாகவே சொல்கிறீர்களே.

மாற்றியிருக்கிறது, அதுவும் நம் பெண்களை அதிகம் தாக்கும் நோயில். கர்ப்பப்பை வாய்ப் புற்று முற்றிய நிலையில், கதிரோடு சிஸ்பிளாட்டின் என்ற கீமோ மருந்தை வாரம் ஒரு தடவை சேர்ப்பதால் லாபம் உண்டா என்பதில் ரொம்ப காலம் சந்தேகம் இருந்தது. மும்பை டாடா நினைவு மருத்துவமனை 3பி நிலையில் இருந்த 850 பெண்களைச் சேர்த்து ஒப்பிட்டு 2018-ல் வெளியிட்டது. ஐந்து வருஷம் உயிரோடு இருந்தவர்கள் கதிர் மட்டும் பெற்ற பிரிவில் 46 சதவீதம், மருந்தும் சேர்த்த பிரிவில் 54. அதே மருத்துவமனை 2021-ல் வெளியிட்ட பார்சர் ஆய்வு, ஆபரேஷனுக்குப் பிறகு அடிவயிற்றுக்குக் கொடுக்கும் கதிரைப் படம் பார்த்துத் துல்லியமாகக் கொடுத்தால் குடல் தொந்தரவு ஏறக்குறைய பாதியாகக் குறைகிறது என்று காட்டியது: 42-லிருந்து 21 சதவீதம். பல வருஷமாகக் கக்கூசைத் தேடி ஓடிக்கொண்டிருக்கும் ஒரு பெண்ணிடம் கேட்டுப் பாருங்கள், அந்த 21 எவ்வளவு பெரிய எண் என்று தெரியும்.

எனக்கு ரொம்பப் பிடித்தது கதிரே இல்லாத ஓர் ஆய்வு. திண்டுக்கல் மாவட்டக் கிராமங்களில், அம்பிளிக்கை மருத்துவமனையை மையமாக வைத்து நடந்தது. பயிற்சி பெற்ற நர்ஸ்கள் கர்ப்பப்பை வாயில் நீர்த்த அசிட்டிக் அமிலத்தைத் தடவி, வெள்ளையாக மாறுகிறதா என்று வெறும் கண்ணால் பார்த்தார்கள். சந்தேகம் இருந்தால் உடனே சிகிச்சை. 2007-ல் லான்செட் மருத்துவ இதழில் வந்த முடிவு: இப்படி ஒரே தடவை பார்த்த ஊர்களில் அந்தப் புற்றால் சாவது 35 சதவீதம் குறைவு. கிட்டத்தட்ட எந்த மெஷினும் இல்லாமல்! எங்கள் ஓ.பி.யில் 3பி நிலையில் வந்து நிற்கும் பெண்ணைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த நர்ஸ்கள் ஞாபகம்தான் வரும்.

கதிர் மெஷினே இல்லாத இடத்தில் இருந்துகொண்டு இந்த ஆராய்ச்சியில் பங்கெடுக்க முடியுமா?

முடியும். முதல் அறிகுறி தெரிந்த நாளிலிருந்து முதல் கதிர் விழும் நாள் வரை எத்தனை கை மாறுகிறது? ஊர் மருந்துக்கடை, நாட்டு வைத்தியர், பல் டாக்டர், தாலுகா ஆஸ்பத்திரி, அப்புறம் சேலமோ பெங்களூருவோ வேலூரோ. இந்தப் பாதை முழுவதும் நம் ஊரில் இருக்கிறது. பெரிய ஆஸ்பத்திரியில் உட்கார்ந்திருப்பவருக்குக் கடைசி ஸ்டேஷன் மட்டும்தான் தெரியும்.

பல் விஷயத்தையே எடுங்கள். தாடையில் கதிர் விழுவதற்கு முன் கெட்ட பல்லைப் பிடுங்கி ஆறவிட வேண்டும். பிறகு பிடுங்கினால் எலும்பு ஆறாமல் செத்துப்போகும் ஆபத்து உண்டு. நம் பக்கம் தண்ணீரில் ஃபுளோரைடு அதிகமாக இருந்து, அதற்காகவே ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது எல்லோருக்கும் தெரியும். பழைய தண்ணீரைக் குடித்து வளர்ந்த தலைமுறையின் பற்கள் கதிருக்குப் பிறகு எப்படித் தாக்குப்பிடிக்கின்றன? இங்கே இருக்கும் ஒரு பல் மருத்துவரும் நானும் சேர்ந்தால் பார்க்கக்கூடிய கேள்வி.

இன்னொன்று வலி. புற்று எலும்புக்குப் பரவி வலிக்கும்போது 8 கிரே ஒரே தடவை கொடுத்தாலும், பத்து நாள் பிரித்துக் கொடுத்தாலும் வலி குறைவது ஒரே அளவுதான் என்று பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்துச் சொல்லிவிட்டார்கள். ஒரே தடவை பெற்றவர்களில் பின்னால் மறுபடியும் தேவைப்படுவது அதிகம், அவ்வளவுதான். சித்தேரி மலையில் இருப்பவருக்கு ஒரு நாள் பயணமா, பத்து நாளா என்பது சின்ன விஷயமா? போன பிறகு அவருக்கு வலி குறைந்ததா என்று யார் பார்ப்பது? மக்களைத் தேடி மருத்துவம் 2021 ஆகஸ்டில் தொடங்கியதே கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில்தான். வலி நிவாரணப் பராமரிப்பும் அந்தத் திட்டத்தில் இருக்கிறது. வீட்டுக்குப் போகும் அந்த நர்ஸின் நோட்டுப் புத்தகம் ஒரு நல்ல ஆராய்ச்சியாளருக்குப் புதையல்.

நோயாளிகளை எலி மாதிரி வைத்துச் சோதிப்பீர்களா?

கோபமாகக் கேட்கிறார்கள், நியாயமான கோபம். விதி இப்படி: எத்திக்ஸ் கமிட்டி அனுமதிக்காமல் ஒருவரையும் சேர்க்க முடியாது. சிகிச்சைகளை ஒப்பிடும் ஆய்வை முதல் ஆளைச் சேர்ப்பதற்கு முன்பே அரசின் மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் போட வேண்டும். 2009 முதல் அது கட்டாயம். ஒப்பிடும் இரண்டு பக்கத்தில் ஒன்று, இன்று எல்லோருக்கும் கொடுக்கும் வழக்கமான சிகிச்சை. அதற்குக் குறைவாக யாருக்கும் கொடுப்பதில்லை. எப்போது வேண்டுமானாலும் விலகலாம், விலகினாலும் சிகிச்சை தொடரும்.

காகிதத்தில் இதெல்லாம் சுலபம். நடைமுறையில் ஒப்புதல் படிவத்தைத் தமிழில் மட்டும் அடித்து வைத்தால் நம் பக்கம் போதாது. தளி, தேன்கனிக்கோட்டைக்காரர் பலருக்கு வீட்டில் பேச்சு தெலுங்கு அல்லது கன்னடம். கைநாட்டு வைப்பவர் என்றால் ஆய்வோடு சம்பந்தமில்லாத ஒரு சாட்சி கூட இருந்து முழுவதையும் கேட்க வேண்டும். பாதியில் மகன் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "சார், அம்மாவுக்கு கேன்சர்னு சொல்லலை. கட்டின்னுதான் சொல்லியிருக்கோம்" என்பார். என்ன நோய் என்றே தெரியாத ஒருவரிடம் என்ன ஒப்புதல் வாங்குவது? நான் அப்படிப்பட்டவர்களை ஆய்வில் சேர்ப்பதில்லை. முதலில் மகனோடு உட்கார்ந்து பேசுவேன். பெரும்பாலும் அந்த அம்மாவுக்கு ஏற்கெனவே தெரிந்திருக்கும். மகன் கஷ்டப்படுவான் என்று அவரும் வாயைத் திறக்காமல் இருந்திருப்பார்.

இதற்கெல்லாம் பணம் யார் கொடுக்கிறார்கள்?

ஐ.சி.எம்.ஆர். என்ற இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில், மத்திய அரசின் உயிரித் தொழில்நுட்பத் துறை, நாட்டின் புற்றுநோய் மருத்துவமனைகளை இணைக்கும் தேசிய புற்றுநோய் கட்டமைப்பு, மருத்துவர்களுக்கு ஃபெல்லோஷிப் தரும் இந்தியா அலையன்ஸ் என்று சில கதவுகள் உண்டு. மருந்துக் கம்பெனிகள் எங்கள் பக்கம் அதிகம் வருவதில்லை. புது ஊசி வந்தால் விற்கலாம். 25 நாளை 5 நாளாக்கினால் யாருக்கு என்ன விற்பது? அதனால்தான் நாட்களைக் குறைக்கும் பெரிய ஆய்வுகளை அரசுப் பணமும் நன்கொடையும் உள்ள நாடுகள் முதலில் செய்து முடித்தன. தனியார் ஆஸ்பத்திரியில் ஒரு தடவைக்கு இவ்வளவு என்று பில் போடும் இடங்களில் இந்தக் கேள்விக்கு வரவேற்பு எப்படி இருக்கும் என்று நீங்களே யூகித்துக்கொள்ளுங்கள்.

ஆராய்ச்சி செய்கிறவருக்குத் தனிச் சம்பளம் அநேகமாகக் கிடையாது. ஓ.பி. முடித்த பிறகு சாயங்காலம்தான் இந்த வேலை.

பெண் பிள்ளையை இந்தப் படிப்புக்கு அனுப்பலாமா? கதிர் பட்டால் நாளைக்குக் குழந்தை...?

தாராளமாக அனுப்பலாம். எங்கள் துறையில் பெண்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். கதிர் ஓடும்போது அறைக்குள் நோயாளியைத் தவிர யாரும் இருப்பதில்லை. கான்கிரீட் சுவர் மீட்டர் கணக்கில் தடிப்பு. கதிரைக் கொடுக்கும் லீனாக் மெஷினை நிறுத்தினால் கதிரும் நின்றுவிடும். எல்லோரும் சட்டையில் ஒரு பேட்ஜ் குத்திக்கொள்கிறோம், அதை அனுப்பி அளவு பார்ப்பார்கள். அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் வரம்பு ஐந்து வருஷத்துக்கு 100 மில்லிசீவர்ட். எங்கள் பேட்ஜில் வருவது சாதாரணமாக அதன் பக்கத்திலேயே போகாது. கர்ப்பம் என்று தெரிவித்துவிட்டால் வரம்பு இன்னும் கடுமை.

வெளியிலிருந்து கரண்ட் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வரும் நோயாளி பக்கத்தில் பேரப்பிள்ளை படுக்கலாம். இதைக் கேட்காமலே தனித் தட்டு, தனி டம்ளர் கொடுத்து ஒதுக்கிவைக்கும் வீடுகளைப் பார்த்தால்தான் வருத்தமாக இருக்கும்.

நீட் கிடைக்கவில்லை. பிசிக்ஸ் பிடிக்கும். இந்தப் பக்கம் வர வேறு வழி?

மெடிக்கல் பிசிசிஸ்ட். பி.எஸ்சி. பிசிக்ஸுக்குப் பிறகு எம்.எஸ்சி. மெடிக்கல் பிசிக்ஸ், சென்னை அண்ணா பல்கலைக்கழகத்திலேயே இருக்கிறது. எம்.எஸ்சி. பிசிக்ஸ் முடித்தவர்கள் மும்பை பாபா அணு ஆராய்ச்சி மையத்தின் ஒரு வருட டிப்ளமோவுக்கு முயலலாம். ஒவ்வொரு சிகிச்சைத் திட்டத்திலும் இவர்கள் சரி என்று சொல்லாமல் நான் பட்டனைத் தொட முடியாது. ஆராய்ச்சியில் பல சமயம் எங்களைவிட இவர்கள்தான் முன்னால் ஓடுகிறார்கள்.

ஒரு ஆய்வு முடிய எத்தனை வருஷம் ஆகும்? பையன் எப்போது செட்டில் ஆவான்?

முன்னால் சொன்ன ஃபாஸ்ட் ஃபார்வர்டு ஆய்வில் ஆள் சேர்க்க ஆரம்பித்தது 2011, முடிவு வந்தது 2020. கதிரின் பக்கவிளைவு மெதுவாக வருவதால் அவசரப்பட முடியாது. இத்தனை வருஷம் காத்திருந்து, இரண்டு சிகிச்சைக்கும் வித்தியாசமே இல்லை என்று வருவதும் உண்டு. அதையும் எழுதி வெளியிட வேண்டும். வித்தியாசம் இல்லை என்றால் சுலபமானதைக் கொடுக்கலாம் அல்லவா!

இதில் சங்கடம் ஃபாலோ-அப். சிகிச்சை முடிந்தவரை ஐந்து வருஷம் விடாமல் பார்க்க வேண்டும். செங்கல் சூளைக்கும் பெங்களூரு கட்டட வேலைக்கும் போகிறவரின் போன் நம்பர் ஆறு மாதத்துக்கு ஒரு தடவை மாறும். சேரும் நாளிலேயே ரேஷன் கடைக்காரர், அங்கன்வாடி டீச்சர் நம்பரையும் சேர்த்து வாங்கி வைக்கச் சொல்வேன்.

செட்டில் ஆவதைப் பற்றி: எம்.டி. முடிக்கும்போதே வயது முப்பதை நெருங்கும். வீட்டுக்கு உடனே பணம் அனுப்ப வேண்டிய நிலை என்றால், முதலில் சில வருஷம் வேலை பார்த்துவிட்டு ஆராய்ச்சிக்கு வருவதில் ஒரு குற்றமும் இல்லை.

தமிழ் மீடியத்தில் படித்தேன். ஆங்கிலக் கட்டுரை எழுத முடியுமா?

முடியும். ஆராய்ச்சி ஆங்கிலம் ஒரே அச்சு. நூறு கட்டுரை படித்தால் கைக்கு வந்துவிடும். புள்ளியியல்தான் நிஜமான தடை, அதை யாருக்கும் தாய்மொழியாகக் கற்றுக்கொடுப்பதில்லை.

எம்.பி.பி.எஸ். இரண்டாம் வருஷத்தில் இருக்கிறேன். இப்போதே என்ன செய்யலாம்?

ஐ.சி.எம்.ஆர். இளநிலை மாணவர்களுக்குக் குறுகிய கால ஆய்வு உதவித்தொகை தருகிறது. இரண்டு மாத வேலை, உங்கள் கல்லூரி ஆசிரியர் ஒருவர் வழிகாட்டினால் போதும். அறிவிப்பு வந்த பிறகு தலைப்புத் தேடாதீர்கள், இப்போதே தேடுங்கள். விடுமுறையில் சேலத்திலோ அடையாறிலோ வேலூரிலோ பெங்களூரு கித்வாயிலோ கதிர் துறையில் ஒரு வாரம் உட்கார அனுமதி கேளுங்கள். கடிதம் உங்கள் டீன் வழியாகப் போக வேண்டும். போனால் மெஷின் அறையில் ரொம்ப நேரம் நிற்காதீர்கள், வெளியே காத்திருக்கிறவர்கள் பக்கத்தில் உட்காருங்கள். எந்த ஊர், எத்தனை மணிக்குக் கிளம்பினீர்கள், எங்கே தங்குகிறீர்கள், இன்னும் எத்தனை நாள் பாக்கி என்று நாலைந்து பேரிடம் கேட்டு எழுதிக்கொண்டு வாருங்கள். அப்புறம் எனக்குப் போன் போடுங்கள், தலைப்பைப் பற்றிப் பேசலாம்.